மேட்டில் மூச்சு வாங்கிய வண்டி

மார்ச் 3

அன்புள்ள பொடிசு,

எப்படிடி இருக்க? ஒழுங்கா சாப்பிடுறியா, இல்ல டீயும் பிஸ்கட்டுமாவே காலத்தை ஓட்டுறியா? இங்க நான், உங்க அத்தான், நம்ம வண்டி மூணு பேரும் இருக்கோம். மூணாவது ஆளுக்குத்தான் உடம்பு சரியில்ல.

போன் போட்டா அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கு. மெசேஜ் போட்டா 'ம்', 'சரி'. "கடிதமா எழுதுக்கா, படிக்க நல்லாருக்கும்"னு நீ போட்டதுதான் இந்தக் கொஞ்ச மாசத்துல நீ அனுப்பின நீளமான செய்தி. சரி தாயே, எழுதுறேன். பேனா பிடிச்சு எவ்வளவோ நாளாச்சு, கோழி கிறுக்கினாப்புல இருந்தா சிரிக்காத.

முதல்ல மனசுல இருக்கறதைக் கேட்டுடறேன். போன தடவை வந்துட்டுக் கிளம்பினப்ப கேட் வரைக்கும் ஓடிவந்து கூப்பிட்டேன். ஒரு தடவை இல்ல, தெருவே எட்டிப்பாக்குற மாதிரி கத்தினேன். நீ திரும்பிக்கூடப் பாக்காம பஸ்ல ஏறிட்ட. அதுக்கப்புறம்தான் போனும் நின்னுச்சு. என் மேல என்னடி கோவம்? எதுவா இருந்தாலும் நேரா சொல்லு. எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தி. உன்னைத் தொலைச்சிட்டேனோன்னு பயமா இருக்கு.

அடுத்தது வண்டி. நான் நடத்துற டிரைவிங் ஸ்கூல் வண்டி படுற பாடு உனக்குத் தெரியாததா? காலையில நல்லாத்தான் ஓடுது. வெயில் ஏறினதும் மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னா மூச்சு வாங்குது. கத்துக்க வர்றவங்க எல்லாரும் பின்னாடி உருளுறாங்க. அதுல ஒருத்தர் மருந்துக்கடைக்காரர், பரம சாது. மேட்டுல மட்டும் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகிட்டு இருக்கார். தப்பு தன்னோட கால்லதான்னு நினைச்சு, கடையில நின்னுக்கிட்டே கிளட்ச் மிதிச்சுப் பழகறாராம். எனக்கென்னவோ தப்பு வண்டி மேலதான்னு தோணுது. இன்ஜினைச் சோதிக்கிற கம்பெனியில இத்தனை வருஷமா குப்பை கொட்டுறியே, சொல்லேன்.

அன்போட,
அக்கா

மார்ச் 15

என் அக்காவுக்கு,

உன் கையெழுத்து கோழி கிறுக்கினது இல்ல, கோழி ஓடினது. ஆனாலும் ரெண்டு தடவை படிச்சேன். நான் நல்லா இருக்கேன். சாப்பாடும் நடக்குது. அத்தானைக் கேட்டதா சொல்லு.

வண்டி விஷயம் படிச்சதும் கை பரபரன்னு ஆயிடுச்சு. கேக்குறதுக்கெல்லாம் பதில் எழுது. காலையில நல்லா ஓடுதுன்னா, இன்ஜின் சூடாகாதப்பவா, வெளிய வெயில் இல்லாதப்பவா? ரெண்டும் வேற வேற. மூச்சு வாங்குறது ஓடிட்டு இருக்கும்போதா, ரொம்ப நேரம் நின்னுட்டுக் கிளம்பும்போதா? நின்னதுக்கு அப்புறம்னா, கொஞ்ச தூரம் ஓட்டினதும் சரியாயிடுதா? பானெட்டுக்குள்ள யாராவது எதையாவது மாத்தினாங்களா? மறைக்காம சொல்லு. வண்டிக்கு வர்ற வியாதியில பாதி, மனுஷன் கை வெக்கறதால வர்றது.

என்னைச் சோதனை அறையில இருந்து மாத்திட்டாங்க. இப்ப கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து, திரையில ஓடற எண்களைப் பாக்குற வேலை. இன்ஜின் அந்தப் பக்கம் மேடையில அதிருது, நான் இங்க நாற்காலியில ஜம்முன்னு இருக்கேன். கையை மேசை மேல வெச்சா போதும், எவ்வளவு வேகத்துல சுத்துதுன்னு எண்ணைப் பாக்காமலே சொல்லிடுவேன்.

சீக்கிரம் எழுது.

உன்
பொடிசு

மார்ச் 24

அன்புள்ள பொடிசு,

நலமா? இங்க நலம். கோவமான்னு கேட்டதுக்கு மட்டும் பதில் காணோம். வண்டிக்கு ஒரு பக்கம், அக்காவுக்கு ஒரு வரி கூட இல்ல. பரவால்ல, குறிச்சு வெச்சிருக்கேன்.

நின்னுட்டுக் கிளம்பும்போதுதான் மூச்சு வாங்குது. கொஞ்சம் ஓடினா தேறிடுது. மனுஷன் கை வெச்சாரான்னு கேட்ட பாரு, அங்க நிக்குற நீ! கேட்டதும் உங்க அத்தான் முகம் போன போக்கைப் பாக்கணுமே. கடைகளுக்குப் போர்டு எழுதற கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாரே. ஏர் ஃபில்டர் இருந்த கறுப்புப் பெட்டி, அதுல இருந்து ஹெட்லைட் பின்னாடி வரைக்கும் போற பிளாஸ்டிக் குழாய், ரெண்டையும் கழட்டிப் பரண்ல போட்டுட்டார். அதுக்குப் பதிலா இன்ஜின் பக்கத்துலயே குட்டையா ஒரு அலுமினியக் குழாய், அது முனையில கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர். பளபளன்னு தேச்சு வெச்சிருக்கார். போன வாரம் அதுல முகம் பாத்துத் தலை சீவினதை நானே பாத்தேன்.

"தொட்டுப் பாரு, எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு, உலோகம்னா குளிர்ச்சிதானே"ங்கறார். காலையில தொட்டா எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மதியம் தொட்டுட்டு விரலை வாய்க்குள்ள வெச்சுக்கிட்டேன்.

அலுமினியம் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா? வீட்டுல இதுதான் இப்ப சண்டை. நடுவரம்மா தீர்ப்பு சொல்லணும்.

அடுத்து டிரைவிங் ஸ்கூலுக்குப் பத்து நாள் லீவு, வண்டி ஓடாது. வந்துட்டுப் போயேன்.

அக்கா

ஏப்ரல் 2

என் அக்காவுக்கு,

விரல் ஆறிடுச்சா? மருந்துக்கடைக்காரர்கிட்ட களிம்பு வாங்கிப் போடு, சும்மா விடாத.

தீர்ப்பு கேட்டா நான் தர மாட்டேன். அளந்து பாத்தாத்தான் தருவேன். ஆனா விஷயம் என்னன்னு சொல்றேன். இன்ஜின் பெட்ரோலை மட்டும் குடிக்கறது இல்ல, அதைவிடப் பல மடங்கு காத்தைத் தின்னுது. சூடான காத்து லேசா, விரிஞ்சு இருக்கும். அதே வாய் நிறைய உறிஞ்சினாலும் உள்ள போற சரக்கு கம்மி. பத்து டிகிரி சூடு ஏறினா நூத்துல மூணு பங்கு காணாமப் போயிடும். போதாக்குறைக்கு, ரொம்பச் சூடான காத்து வந்தா இன்ஜினோட மூளை பயந்துபோய், பெட்ரோலைப் பத்தவைக்கிற தீப்பொறியைத் தள்ளிப்போடும். பலம் இன்னும் குறையும். மேட்டுல, ஆள் நிறைஞ்ச வண்டியில, கை கால் நடுங்குற ஒரு ஆள் கிளட்சை விடும்போது அந்தக் கொஞ்சம்தான் வித்தியாசம்.

உன்கிட்டப் பலகாரம் சுடறப்ப எண்ணெய்ச் சூடு பாக்குற வெப்பமானி இருக்கே, நீளக் கம்பியோட? அந்தக் கம்பியைக் குழாய்கிட்ட ஒட்டிட்டு, ஒயரை வண்டி ஜன்னல் வழியா உள்ள கொண்டு வா. ஓடும்போது எவ்வளவு, நிக்கும்போது எவ்வளவு, குறிச்சு அனுப்பு. எனக்கு இப்பவே தூக்கம் வராது போல.

லீவுக்கு வர முடியாதுக்கா. வேலை.

பொடிசு

ஏப்ரல் 20

அன்புள்ள பொடிசு,

வேலையாம் வேலை. ஊர் உலகத்துல இல்லாத வேலை. சரி, உடம்பைப் பாத்துக்கோ.

வெப்பமானியைப் படிக்கிற பொறுப்பை மருந்துக்கடைக்காரர்கிட்ட கொடுத்தேன். மனுஷன் பின் சீட்டுல உக்காந்து, கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு சிக்னல்லயும் நாடி பாக்குற டாக்டர் மாதிரி சொல்றார். வெளிய முப்பத்து நாலு. ஓடும்போது நாப்பத்தேழு. சிக்னல்ல நின்னா ஏறி ஏறி அறுபத்தொண்ணு! "மேடம், இது காய்ச்சல் இல்ல, ஜன்னி"ன்னுட்டார்.

நான் உடனே உங்க அத்தானைப் பாத்த பார்வையில அவர் கடைக்குப் போய் பிளாஸ்டிக் குழாய் வாங்கிட்டு வந்து அதே அளவுக்கு அறுத்து மாட்டிட்டார். கம்பியை முன்ன மாதிரியே குழாய் வாயில ஒட்டி அளந்தோம். என்ன ஆச்சுங்கற? ஓடும்போது நாப்பத்தேழு, நின்னா அறுபத்தொண்ணு. அச்சு அசலா அதேதான். இப்ப அவர் வீட்டுக்குள்ள நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்குறார். அப்போ உலோகமா பிளாஸ்டிக்கான்னு நாங்க போட்ட சண்டையெல்லாம் வெட்டிச் சண்டையா? எனக்கு மண்டை குடையுது.

மதியம் டிரைவிங் ஸ்கூல் ஜன்னல் பக்கம் பச்சைச் சட்டை போட்ட ஒருத்தி போனா. உன் நடை. கூப்பிட வாயெடுத்துட்டு நிறுத்திட்டேன். கூப்பிட்டாலும் நீதான் திரும்ப மாட்டியே.

அக்கா

ஏப்ரல் 30

என் அக்காவுக்கு,

படிச்சுட்டு மேசையில தலையை வெச்சுச் சிரிச்சேன், பக்கத்து நாற்காலிக்காரி தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. அத்தான் வாங்கினது வீட்டுத் தண்ணிக் குழாய்தானே? மொதல்ல அதைக் கழட்டுங்க! அந்தச் சூட்டுல இளகித் தொங்கிடும்.

நீங்க ரெண்டு தப்பு பண்ணியிருக்கீங்க. ஒண்ணு, கம்பியைக் குழாயோட வாயில ஒட்டியிருக்கீங்க. வாய்க்குள்ள நுழையற காத்துக்கு, இனிமே போகப்போற குழாய் எதுல செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? அது இன்னும் அந்த வழியாப் போகவே இல்லையே. கம்பி இருக்க வேண்டியது அந்தக் கடைசியில, இன்ஜினுக்குள்ள நுழையற இடத்துல.

ரெண்டாவதுதான் பெரிய தப்பு. குழாய் எதுல செஞ்சதுங்கறது அப்புறம், அதோட வாய் எங்க இருக்குங்கறதுதான் முதல் கேள்வி. பானெட்டுக்குள்ள, இன்ஜின் பக்கத்துல வாயைப் பிளந்துக்கிட்டு இருந்தா, அது தங்கக் குழாயா இருந்தாலும் கொதிக்கிற காத்தைத்தான் குடிக்கும். அந்தப் பழைய கறுப்புக் குழாய் சும்மாவா ஹெட்லைட் பின்னாடி வரைக்கும் போச்சு? வெளிக்காத்து வர்ற இடம் அது.

வாயை முன்னாடி கொண்டுபோயிட்டு, அப்புறம் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் மாத்தி மாத்திப் பாருங்க. என்ன வரும்னு எனக்கு ஒரு கணிப்பு இருக்கு. சொல்ல மாட்டேன். சுடுற சுவத்தை ஒட்டி ஓடிப்போறவனுக்குச் சுடாது, சாஞ்சு நிக்கிறவனுக்குத்தான் சுடும். அவ்வளவுதான் சொல்வேன்.

பச்சைச் சட்டை நான் இல்லக்கா. நீ கூப்பிட்டிருக்கலாம்.

பொடிசு

மே 10

அன்புள்ள மச்சினிக்கு அத்தான் எழுதுவது.

நலம் நலம் அறிய ஆவல் எல்லாம் உங்க அக்கா எழுதிட்டா, நான் நேரா வழக்குக்கு வர்றேன். பரண்ல இருந்த பெட்டியை இறக்கச் சொல்லிட்டீங்க. சரி. ஆனா என் தரப்பை யாரும் கேக்கல. அந்தக் கூம்பு ஃபில்டரோட ஆக்சிலேட்டரை மிதிச்சா வர்ற சத்தம் இருக்கே, அது சத்தம் இல்ல, சங்கீதம். நாலு தெரு தள்ளி இருக்கறவன் திரும்பிப் பாப்பான். பலம் இல்லாத வண்டி அப்படி உறுமுமா? பழைய பெட்டியை மாட்டினா பூனை மாதிரி போகும்.

இன்ஜின்லயே பிறந்து வளந்த ஆள் நீ. காதால கேட்டாத்தான் உனக்குப் புரியும்னு நேத்து அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணி உன் போனுக்கு அனுப்பியிருக்கேன். கேட்டுட்டுச் சொல்லு. நீ சொன்னா ஒத்துக்குறேன், உங்க அக்கா சொன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

உங்கள் அத்தான்

மே 19

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கதானே? நான் நல்லா இருக்கேன்.

அத்தான், நீங்க அனுப்பினதைக் கேட்டேன். நல்ல கம்பீரமான சத்தம். மூடியிருந்த பெட்டியை எடுத்துட்டா இன்ஜின் காத்தை உறிஞ்சுற சத்தம் அப்படியே வெளிய வரும், அதுதான் விஷயம். வாயைத் திறந்து குறட்டை விடறவனுக்குப் பலம் ஜாஸ்தின்னு யாராவது சொல்வாங்களா? சத்தத்தை நம்பாதீங்க அத்தான். வெப்பமானியை நம்புங்க.

எண்களை அனுப்புங்க. காத்துட்டு இருக்கேன்.

பொடிசு

ஜூன் 28

அன்புள்ள என் பொடிசு,

ஒரு மாசத்துக்கு மேல எழுதலன்னு நீ போட்ட மூணு மெசேஜையும் பாத்தேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. எழுத உக்காந்து உக்காந்து எந்திரிச்சேன். அதனால மொதல்ல எண்களையே சொல்லிடறேன், கை ஓடட்டும்.

நீ சொன்ன மாதிரி, பரண்ல இருந்த பழைய பிளாஸ்டிக் குழாயை மாட்டி, வாயை ஹெட்லைட் பின்னாடிக்குக் கொண்டுபோனோம். உங்க அத்தான் அலுமினியத்துலயும் அதே நீளத்துக்கு ஒண்ணு வளைச்சு வாங்கிட்டு வந்தார், நியாயமா சோதிக்கணுமாம். கம்பியைக் கடைசியில வெச்சோம். ஓடும்போது பிளாஸ்டிக் முப்பத்தேழு, அலுமினியம் முப்பத்தெட்டு. "ஒரு டிகிரிக்கா இவ்வளவு பேச்சு?"ன்னு துள்ளிக் குதிச்சார். அப்புறம் ஒவ்வொரு குழாயோடயும் ஒரு தடவை ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டோம். பிளாஸ்டிக் நாப்பத்து மூணுல நின்னுடுச்சு. அலுமினியம் அம்பத்தொண்ணு. கேட் திறந்த பிறகும் அது ஆற ரொம்ப நேரம் ஆச்சு. சாஞ்சு நிக்கிறவனுக்குத்தான் சுடும்னியே, புரிஞ்சுது. வேகமா ஓடுற காத்துக்குச் சூடு ஏற நேரமில்ல, மெதுவா ஊருற காத்துலதான் ஏறுது. நெடுஞ்சாலையில பறக்குற வண்டிக்கு எது போட்டாலும் ஒண்ணுதான். எங்க வண்டி பொழுதன்னைக்கும் நிக்கிற வண்டி. பிளாஸ்டிக் ஜெயிச்சுது.

மருந்துக்கடைக்காரர் மேட்டுல நிறுத்தி எடுத்தார்டி! ஒரு அங்குலம் பின்னாடி போகல. மேலே போய் நிறுத்திட்டு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டார். எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

அன்னைக்கு உங்க அத்தான், "நம்ம வண்டி அப்ப போட்ட சத்தத்தைக் கேளுங்க"ன்னு அவர்கிட்டப் பெருமையா போனை எடுத்து, உனக்கு அனுப்பின பதிவைப் போட்டார். அதுல வண்டிச் சத்தமே இல்ல. எதையோ மாத்தி அனுப்பியிருக்கார். வாசல்ல பெயின்ட் கொட்டினதுக்கு நான் அவரைத் திட்டுறேன். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நான் மட்டும்தான் திட்டிட்டு இருக்கேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டே இருக்கும்போது நீ எழுதினது ஞாபகம் வந்துச்சு. "நீங்க அனுப்பினதைக் கேட்டேன். நல்ல கம்பீரமான சத்தம்"னு.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எல்லாம் எடுத்துப் படிச்சேன். எந்த மெக்கானிக்கும் மொதல்ல கேக்குறது "என்ன சத்தம் வருது"ன்னுதான். நீ சூடு கேட்ட, நேரம் கேட்ட, இடம் கேட்ட. சத்தத்தை மட்டும் ஒரு தடவை கூடக் கேக்கல. போன் எடுக்கறது இல்ல. கையை மேசையில வெச்சு இன்ஜினைப் பாக்குற. நான் கேட்ல நின்னு கத்தினப்ப...

பொடிசு, எனக்கு எழுதவே கை வரல. கேக்குறதை நேரா கேட்டுப் பழகினவ நான். உனக்குக் காது கேக்கறது இல்லையாடி?

அக்கா

ஜூலை 9

என் அக்காவுக்கு,

ஆமாக்கா.

வலது காது போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இடது போன வருஷத்துல இருந்து குறைஞ்சுக்கிட்டே வருது. வேலையினாலயான்னு எல்லாரும் கேக்குறாங்க. இல்ல, காது அடைப்பான் போடாம நான் ஒரு நாளும் சோதனை அறைக்குள்ள போனதில்ல. இது நரம்புல வர்றது, யார் மேலயும் தப்பு இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார். மெஷின் வாங்கி வெச்சிருக்கேன். மாட்டினா உலகமே தகரக் கொட்டகைக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. போன்ல யார் பேசினாலும் ஒரே இரைச்சல். அதை மாட்டிக்கிட்டு ஒரு தடவை உன் நம்பருக்குக் கூப்பிட்டேன். நீ என்னவோ சொன்ன. உன் குரல்னு கூடத் தெரியல. வெச்சுட்டு ரொம்ப அழுதேன்.

உன்கிட்ட சொல்லாம இருந்ததுக்குக் காரணம் அதுதான். சொன்னா நீ மெதுவா, நிறுத்தி நிறுத்தி, பாவம் பாத்துப் பேச ஆரம்பிச்சுடுவ. கடிதத்துல நீ கத்துற, திட்டுற, கேலி பண்ற. அதுல உன் குரல் எனக்கு முழுசாக் கேக்குது. அதையும் இழந்துடக் கூடாதுன்னுதான் வண்டி வண்டின்னே எழுதிட்டு இருந்தேன். அந்தப் பதிவை நான் போட்டுக்கூடப் பாக்கல. அத்தான் மனசு நோகக் கூடாதுன்னு எழுதிட்டேன். நீ திட்டினதையா கம்பீரம்னு சொன்னேன்? சரி விடு, அது பொய் இல்ல.

உன் மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்லக்கா. கேட் வரைக்கும் ஓடிவந்தேன்னு எழுதியிருந்ததைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும். அதுல இருந்து ஒண்ணு கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன். என்ன சொல்லிக் கத்தின?

பொடிசு

ஜூலை 15

அடியே பொடிசு,

உன் கடிதம் வந்து பத்து நிமிஷம் ஆகல, எழுத உக்காந்துட்டேன். உங்க அத்தான் பக்கத்துல உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கார்.

மெதுவா பேசுவேனாம், பாவம் பாப்பேனாம்! யாரைப் பாத்துடி சொல்ற? ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டுக் காது அடைச்சுப்போற ஆளுங்களுக்குத்தான் நான் நாள் முழுக்கப் பாடம் எடுக்குறேன். பதட்டத்துல அவங்களுக்கு ஒரு வார்த்தை கேக்காது. கையைக் காட்டித்தான் நிறுத்தச் சொல்வேன், கையைக் காட்டித்தான் திட்டுவேன். உன்னைத் திட்டுறதுக்கா எனக்கு வழி இல்ல? ரெண்டு வருஷமா மறைச்சதுக்கு இருக்கு உனக்கு.

சனிக்கிழமை வண்டியை எடுத்துட்டுக் கிளம்புறோம். பிளாஸ்டிக் குழாய்தான், பயப்படாத. நான் ஓட்டுறேன், அத்தான் வெப்பமானி பாப்பார். வழியில இருக்கிற மேட்டுல எல்லாம் என்ன சூடுன்னு உனக்குக் குறிச்சுக் கொண்டு வர்றோம். வாசல்ல நின்னு உன்னைக் கூப்பிட மாட்டேன். உள்ள வந்து உன் முன்னாடி நிப்பேன்.

அன்னைக்கு என்ன கத்தினேன்னு கேட்டல்ல. பெருசா ஒண்ணும் இல்லடி. "போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு"ன்னேன்.

அக்கா